பறையும் பயிற்சியும்

தோழர்களே, பறையாட்டத்தை நாம் சிறுவயது முதலே பார்த்து வருகிறோம். ஆனால் அடி எப்படி விழுகிறது என்று நமக்கு விளக்கியவர்கள் குறைவு. கர்நாடக இசைக்கு ராகத்தையும் தாளத்தையும் விளக்க நூல்களும் விமர்சகர்களும் உண்டு. பறை என்றால் 'அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது' என்று முடித்துவிடுகிறார்கள். புகழ்ச்சிபோல ஒலிக்கும் இந்தப் பேச்சு, கற்றவரின் உழைப்பையும் கற்பித்த ஆசானையும் மறைத்து, கலையைப் பிறப்போடு கட்டிப்போடுகிறது.

அந்த உழைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மரத்துண்டுகளை இணைத்த வட்டச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி, மாட்டுத்தோலை இழுத்துக் கட்டுகிறார்கள். அடிப்பதற்குமுன் நெருப்பில் காய்ச்சுகிறார்கள். சூட்டில் ஈரம் போய்த் தோல் விறைக்கிறது, சுருதி ஏறுகிறது. பதம் வந்துவிட்டதா என்பதைத் தட்டிப் பார்த்துக் காதால்தான் அறிகிறார் கலைஞர். பனி இறங்கித் தோல் தொய்ந்தால் மறுபடியும் காய்ச்ச வேண்டும்.

இடது கையில் மெலிந்து நீண்ட மூங்கில் சிம்புக்குச்சி, வலது கையில் தடித்த குட்டையான அடிக்குச்சி. அடிக்குச்சி கனத்த ஓசையைத் தருகிறது, சிம்பு கூர்மையான ஓசையைத் தருகிறது. இரண்டும் எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் விழுகின்றன என்பதை வைத்தே ஓர் அடி இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. சாமிச்சாட்டுக்கு ஓர் அடி, மாரடிப்புக்கு வேறு அடி. தோளில் பறையின் எடையைத் தாங்கி, கால் அடவு பிசகாமல், பக்கத்தில் ஆடுபவரோடு சேர்ந்தே இதைச் செய்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது நம் கண் அவர்களின் மணிக்கட்டைத் தேடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அடி குழையாமல் நிற்பதைக் காணும் மகிழ்ச்சி, வெறும் ஆரவாரத்தில் கிடைக்காதது.

தொல்காப்பியம் பறையை நிலங்களின் கருப்பொருள்களில் ஒன்றாக வைக்கிறது. சாதிச் சமூகமோ அதை ஒரு சாராரின் கட்டாய ஊழியமாக்கி, சாவோடு பிணைத்து இழிவேற்றியது. அதனால்தான் பல ஊர்களில் நம் இளைஞர்கள் பறையடிக்க மறுத்தார்கள். 1990-களில் தலித் கலை விழாக்கள் அதே பறையை விடுதலையின் குரலாக மேடையேற்றின. ஆண்களே அடித்துவந்த பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பயின்று அடித்தார்கள். ரத்தத்தில் ஊறியது என்ற பேச்சுக்கு அவர்களின் பயிற்சியே பதில். 2025-இல் பறை ஆசான் வேலு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சாவு வீட்டில் அடிக்க மறுப்பதும் மேடையில் அடிப்பதும் ஒரே உரிமையிலிருந்து வருபவை: எங்கே, யாருக்காக அடிப்பது என்பதைக் கலைஞரே முடிவு செய்யும் உரிமை. மாணவத் தோழர்கள் தங்கள் பகுதி ஆசான்களிடம் உரிய ஊதியம் தந்து கற்க வேண்டும். ஒவ்வோர் அடியின் பெயரையும் முறையையும், கற்பித்தவரின் பெயரோடு எழுதிவைக்க வேண்டும்.