சுவரில் விழுந்த சூரியன்

கொடைக்கானலில் மேகம் விலகிய காலைகளில் அப்பா முகம் பார்க்கும் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடுவார். நடுவில் சிறு துளை. வாசல் வெயிலில் சாய்த்துவைத்தால் இருட்டறைச் சுவரில், பத்தடி தள்ளி, ஓர் அங்குலச் சூரியன். "நேரா பாக்கக் கூடாதுடா, சுவத்தப் பாரு."

எங்கள் மலையில் 1899-இல் தொடங்கிய வானாய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்துவருகிறது. சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். சூரியச் சுடர்களை ஆராய்ந்த அவர் மனைவி மேரியை யாரும் அதிகம் சொல்வதில்லை. எனக்கு அது வருத்தம்.

அதே கண்ணாடி இப்போது மகளிடம். வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். சற்று நேரத்தில் கத்தினாள்: "அப்பா, கோட்டைத் தாண்டிருச்சு!"