கயிற்றில் தொங்கிய பன்னிரண்டு பேர்: கிரேக்கப் புராண மறுகூறல்களில் யார் பேசுகிறார்கள்?

1

கிரேக்கப் புராணங்களை மறுபடி சொல்லும் நாவல்கள் கடந்த இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. மார்க்கரெட் அட்வுட்டின் 'பெனலோபியாட்' (2005), மேட்லின் மில்லரின் 'அக்கிலிஸின் பாடல்' (2011), 'சர்சி' (2018), பேட் பார்க்கரின் 'பெண்களின் மௌனம்' (2018), நாட்டலி ஹேய்ன்ஸின் 'ஆயிரம் கப்பல்கள்' (2019) என்று பட்டியல் நீளும். வீரர்களின் கதையில் ஓரமாய் நிறுத்தப்பட்ட பெண்ணை நடுவில் கொண்டுவந்து பேச வைப்பதுதான் இவற்றில் பெரும்பாலானவற்றின் வேலை. பெண்ணிய வாசிப்பின் வெற்றி என்று இவை கொண்டாடப்படுகின்றன. அந்தக் கொண்டாட்டத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. பேசுகிற பெண் யார்?

சர்சி சூரியக் கடவுளின் மகள். பெனலோபி இதாக்காவின் அரசி. கசாந்த்ரா ட்ராய் மன்னனின் மகள். பார்க்கரின் பிரிசெயிஸ் பிடிபடுகிற நாள்வரை லிர்னெசஸ் நகரத்து அரசி. ராணியம்மா பேசுறாங்க, சரி, கேட்போம். அவருக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றியவள், மாவு அரைத்தவள், பிணம் சுமந்தவள் எங்கே? பெண் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எசமானியையும் அடிமையையும் சேர்த்துக் கட்டிவிட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது. எழாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த ஒற்றைச் சொல்லின் வசதி.

'மூலத்தைக் கெடுத்துட்டாங்க' என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கிரேக்கர்களிடமே மூலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஹெலனைப் பழித்துப் பாடியதால் கண்ணிழந்த ஸ்டெசிகோரஸ், அவள் ட்ராய்க்குப் போகவே இல்லை என்று மாற்றிப் பாடிப் பார்வை பெற்றதாக ஒரு கதை உண்டு. மெதேயாவின் குழந்தைகளைக் கொன்றவர்கள் கொரிந்து நகரத்தார் என்று ஒரு பழைய மரபு இருந்தது. கி.மு. 431இல் யூரிபிடிஸ் மேடையேற்றிய நாடகத்தில் தாயே கொல்கிறாள். அந்த ஆண்டுப் போட்டியில் மூன்றாம் இடம்தான் கிடைத்தது. ஆனால் உலகம் பிடித்துக்கொண்டது அதைத்தான். 1996இல் கிழக்கு ஜெர்மனியில் வாழ்ந்து எழுதிய கிறிஸ்டா வோல்ஃப் தன் 'மெதேயா'வில் பழைய மரபுக்குத் திரும்பினார். ஆக, மறுகூறல் என்பது புராணத்துக்கு வெளியே நடக்கிற காரியமில்லை. புராணம் உயிரோடிருக்கும் முறையே அதுதான். மறுகூறலாமா என்று கேட்பதில் பயனில்லை. மறுகூறும்போது எந்த அதிகார உறவு கலைக்கப்படுகிறது, எது அப்படியே விட்டுவைக்கப்படுகிறது என்பதே நம் முன்னுள்ள பிரச்சினை. இதைப் பரிசோதிக்க எனக்கு ஓர் உரைகல் இருக்கிறது: ஒடிசியின் 22ஆம் காண்டம்.

2

ஒடீசியஸ் இருபது ஆண்டுகள் கழித்து வீடு திரும்புகிறான். மனைவியை மணக்கக் காத்திருந்த 108 பேரையும் மகனோடும் இரண்டு அடிமைகளோடும் சேர்ந்து கொன்று தீர்க்கிறான். பள்ளிக்கூடப் புத்தகங்களில் கதை இங்கே முடிந்துவிடும். காவியத்தில் முடிவதில்லை. கிழட்டுச் செவிலி யூரிக்ளியாவைக் கூப்பிட்டு வீட்டுப் பெண்களைப் பற்றி விசாரிக்கிறான். அவள் கணக்குச் சொல்கிறாள்: வீட்டில் ஐம்பது அடிமைப் பெண்கள், அதில் பன்னிரண்டு பேர் வெட்கம் கெட்டுப் போனார்கள். அந்தப் பன்னிரண்டு பேரும் வரவழைக்கப்படுகிறார்கள். முதலில் வேலை. பிணங்களை வெளியே தூக்கிப் போட வேண்டும்; மேசை நாற்காலிகளில் படிந்த ரத்தத்தைத் தண்ணீர்விட்டுத் துடைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகுதான் தண்டனை. வாளால் வெட்டச் சொல்கிறான் தகப்பன். அது கௌரவமான சாவு, இவர்களுக்கு அது ஆகாது என்று நினைக்கிறான் மகன் தெலமாக்கஸ். கப்பல் கயிற்றை எடுத்துத் தூணுக்கும் முற்றத்து வட்டக் கட்டடத்துக்கும் இடையே கட்டி, வரிசையாகத் தொங்கவிடுகிறான். வலையில் சிக்கிய பறவைகள் போல இருந்தார்கள், கால்கள் சிறிது நேரம் துடித்தன, ரொம்ப நேரமில்லை என்கிறான் கவி. அம்புட்டுதான்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? மணமகன்களோடு படுத்தார்கள். விருப்பத்தோடா? அதே காண்டத்தின் தொடக்கத்தில், வில்லை ஏந்தி நிற்கும் ஒடீசியஸ் மணமகன்கள் மீது குற்றப்பத்திரிகை வாசிக்கிறான். என் வீட்டு அடிமைப் பெண்களோடு பலவந்தமாகப் படுத்தீர்கள் என்பது அதில் ஒன்று. 'பலவந்தமாக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஏறத்தாழ 430 வரிகள் தாண்டி அதே பெண்கள் தூக்கில் தொங்குகிறார்கள். ஆண்களிடம் கணக்குத் தீர்க்கும்போது அது பலவந்தம். பெண்களிடம் தீர்க்கும்போது அதே செயல் துரோகம். உடைமைக்கு ஏற்பட்ட சேதம் என்பதே எசமானனின் பார்வை. சேதப்படுத்தியவனும் ஒழிய வேண்டும், சேதப்பட்ட பொருளும் ஒழிய வேண்டும். இந்த முரணைக் கண்டுபிடிக்க நவீனக் கோட்பாடு எதுவும் தேவையில்லை. பிரதியே போட்டுக்கொடுக்கிறது.

தொங்கியவர்களில் ஒருத்தியின் பெயரையாவது ஊகிக்க முடிகிறது: மெலாந்தோ. டோலியஸ் என்பவனின் மகள். சிறுமியாக இருந்தபோது பெனலோபியே அவளை வளர்த்து விளையாட்டுச் சாமான்கள் கொடுத்தாள். காவியத்தின் கடைசியில் டோலியஸ் என்ற பெயருள்ள கிழட்டு அடிமை தன் ஆறு மகன்களோடு ஒடீசியஸின் பக்கம் நின்று ஆயுதம் எடுக்கிறான். இருவரும் ஒரே ஆளா என்பது அறிஞர்களிடையே விவாதத்தில் உள்ள விஷயம். ஒரே ஆள் என்றால் அவன் மகளைப் பற்றி யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. பெனலோபி? மேலே தூங்கிக்கொண்டிருக்கிறாள். விழித்த பிறகும் அந்தத் தூக்கைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

3

இந்தப் பெண்களுக்குப் பெயர் வைப்பதிலும் அரசியல் நடந்திருக்கிறது. கிரேக்கத்தில் இவர்கள் 'த்மோஆய்', அதாவது அடிமைப் பெண்கள். ஆங்கிலத்தில் நூற்றாண்டுக் கணக்கில் இவர்கள் 'மெய்ட்' ஆக, சம்பளம் வாங்கும் வேலைக்காரிகளாக உலவினார்கள். தெலமாக்கஸ் தூக்குக்கு முன்பு பேசும் இடத்தில், மணமகன்களோடு படுத்த 'இவர்கள்' என்ற அளவில்தான் கிரேக்க வரி நிற்கிறது. 1996இல் வெளிவந்த ராபர்ட் ஃபேகிள்ஸின் புகழ்பெற்ற மொழிபெயர்ப்பிலோ வேசிகள் என்ற பொருள்படும் வசைகள் அந்த இடத்தில் சேர்ந்துகொண்டன. 2017இல் எமிலி வில்சன் ஒடிசியை மொழிபெயர்த்தபோது (ஒரு பெண் செய்து ஆங்கிலத்தில் அச்சான முதல் முழு ஒடிசி அது) அடிமையை அடிமை என்றார், அந்த வசைகளைத் தவிர்த்தார். தமிழில் எழுதுகிற நாமும் இந்த இடத்தில் உஷாராக இருக்க வேண்டும். 'பணிப்பெண்', 'சேடி' என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். அந்த அழகு கயிற்றை மறைத்துவிடும்.

இந்தக் காட்சியின் முன் முதலில் நின்று யோசித்தவர்களில் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் முக்கியமானவர்கள். நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்காவில் இருந்தபடி எழுதி 1947இல் நூலாக வெளியிட்ட 'அறிவொளியின் இயங்கியல்' நூலில் ஒடீசியஸ் பற்றிய நீண்ட பகுதி ஒன்றுண்டு. தன்னைத் தானே அடக்கி உலகை அடக்கும் முதலாளிய மனிதனின் முன்னோடியாக அவர்கள் ஒடீசியஸைப் படித்தது பலருக்கும் தெரியும். சைரன்களின் பாடலைக் கேட்க அவன் பாய்மரத்தில் கட்டப்பட்டு நிற்கிறான். காதில் மெழுகடைத்த தோழர்கள் பாட்டைக் கேட்காமல் துடுப்பு வலிக்கிறார்கள். கலை ஒருவனுக்கு, உழைப்பு மற்றவர்களுக்கு. அந்தப் பகுதி முடிவது இந்தப் பன்னிரண்டு பெண்களிடம் என்பதை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. 'ரொம்ப நேரமில்லை' என்று சொல்லிக் கவி நிறுத்துகிற அந்தக் கணத்தில் காவியத்தின் ஓட்டமே தடைபடுகிறது, கவியின் நிதானம் பொய் என்று அம்பலமாகிறது, சாகிறவர்களின் வேதனை மறக்கப்படாமல் தங்கிவிடுகிறது என்பது அவர்கள் வாசிப்பு. கொன்றவனின் பக்கம் நின்று எழுதப்பட்ட பிரதிக்குள்ளேயே கொல்லப்பட்டவர்களின் துடிப்பு பதிவாகிவிடுகிறது. மறுகூறல் தொடங்க வேண்டிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

4

இப்போது நாவல்களை இந்த உரைகல்லில் உரசலாம்.

மில்லரின் 'அக்கிலிஸின் பாடல்' அக்கிலிஸ், பத்ரோக்ளஸ் இருவரின் காதலை வெளிப்படையாகச் சொல்லும் துணிச்சலான நாவல். ஆனால் போரில் பிடிபட்ட பெண்களை என்ன செய்வது? பத்ரோக்ளஸ் சொல்ல, அக்கிலிஸ் பிரிசெயிஸைத் தன் பங்காகக் கேட்டு வாங்குகிறான், மற்றவர்களிடமிருந்து காப்பாற்றுவதற்காக! அந்த முகாம் கிட்டத்தட்ட அனாதை இல்லம் ஆகிவிடுகிறது. காதலர்கள் மீது கறை படியக்கூடாது, அதனால் அடிமைத்தனமே வெள்ளையடிக்கப்படுகிறது. பாலுறவு சார்ந்த ஒரு மௌனத்தை உடைக்க இன்னொரு மௌனம் விலையாகிறது.

பார்க்கர் இந்த வெள்ளையடிப்பைச் செய்வதில்லை. இலியத்தில் பிரிசெயிஸ் பேசுவது ஒரே ஒரு இடத்தில், பத்ரோக்ளஸின் பிணத்தின் முன். அவள் ஒப்பாரி வைத்ததும் மற்ற அடிமைப் பெண்களும் அழுகிறார்கள். பத்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் தன் துக்கத்துக்காக அழுதாள் என்கிறது காவியம். சாவு வீட்டில் ஒப்பாரி கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த 'மற்றவர்கள்' அழுகையைத்தான் பார்க்கர் விரிக்கிறார். கதைசொல்லி அரசியாக இருந்தவள் என்ற வரம்பு முதல் நாவலில் உண்டு. 2024இல் வெளிவந்த மூன்றாம் நாவலான 'வீடு திரும்பும் பயணம்' ரித்சா என்ற சாதாரணப் பெண்ணிடம், கசாந்த்ராவுக்கு அடிமையாக வந்தவளிடம், கதையைப் பெருமளவு ஒப்படைக்கிறது. ஆறு வருஷத்தில் அந்த வரம்பை அந்த நாவல் வரிசையே தாண்டியிருக்கிறது.

வோல்ஃபின் 'கசாந்த்ரா' (1983) இவற்றுக்கெல்லாம் முன்னோடி. அரண்மனையின் பிள்ளையாக வளர்ந்தவள், அரண்மனை தன் கண்ணை எப்படிக் கட்டியது என்பதைச் சாகும் தறுவாயில் உணர்கிறாள். தன் கதையைப் பதிவு செய்ய ஓர் எழுத்தரையோ, அதைவிட நல்லது என்று, ஞாபகசக்தியும் குரல்வளமும் உள்ள இளம் அடிமைப் பெண் ஒருத்தியையோ அனுப்பும்படி கிளைத்தெம்னெஸ்திராவிடம் கேட்கலாமா என்று மனதுக்குள் நினைக்கிறாள். அந்தப் பெண் தன் மகளுக்கு அதைச் சொல்லலாம். வீரர்களின் பெருங்கதையாடல் ஓடும் பக்கத்தில் இந்தச் சிறு ஓடையும் ஓடலாம். பெண்களின் மாற்று வரலாறு குறித்து இவ்வளவு அழகாக யோசித்த இடங்கள் குறைவு. இருந்தும் கேட்காமல் இருக்க முடியவில்லை: அடிமைப் பெண்ணின் தொண்டை இளவரசியின் கதைக்கு. அப்ப அவ கதை யார் தொண்டையில?

அட்வுட் இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்கிறார். 'பெனலோபியாட்'டில் அரசி பாதாள உலகிலிருந்து தன் கதையைச் சொல்கிறாள். பன்னிரண்டு பெண்களும் கோரஸாக இடையிடையே புகுந்து அதைக் குலைக்கிறார்கள். பாட்டாக, கேலிச் சொற்பொழிவாக, நீதிமன்ற விசாரணையாக. மணமகன்களை உளவு பார்க்க அவர்களை அனுப்பியதே பெனலோபி என்பது அரசியின் வாக்குமூலம். தன் ரகசியத்தை மறைக்க எங்களைச் சாகவிட்டாள் என்பது பெண்களின் சந்தேகம். நாவல் தீர்ப்புச் சொல்வதில்லை. விசாரணைக் காட்சியில் அவர்கள் செய்த பிழை வல்லுறவுக்கு ஆளானது மட்டுமில்லை, எசமானன் அனுமதி இல்லாமல் ஆளானது என்று வெளிப்படும்போது காவியத்தின் அந்த 430 வரி இடைவெளிக்குள் சட்டமே அம்மணமாக நிற்கிறது. தனித்தனிக் குரல் கொடுக்காமல் 'நாங்கள்' என்று பேச விட்டதைச் சிலர் குறை சொல்லலாம். எனக்கு அது நேர்மையாகப் படுகிறது. யாரும் பதிவு செய்யாத அந்தரங்கத்தைக் கண்டுபிடித்ததாகப் பாவனை செய்யாமல், பதிவு இல்லை என்பதையே அந்தக் கூட்டுக்குரல் நம் காதில் ஓதுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. கரீபியக் கவிஞர் டெரக் வால்காட் 'ஒமேரோஸ்' (1990) நெடுங்கவிதையில் செய்தது அது. அடிமைகளுக்கு சீஸர், பாம்பே, கேட்டோ என்று செவ்வியல் பெயர்களைச் சூட்டி வேடிக்கை பார்த்தவர்கள் தோட்ட முதலாளிகள். வால்காட்டின் அக்கிலும் ஹெக்டரும் செயின்ட் லூசியாவின் மீனவர்கள். ஹெலன் வெள்ளைக்கார வீட்டில் வேலை பார்த்த கறுப்புப் பெண். அக்கில் கனவுபோல ஆப்பிரிக்கா போய்த் தன் மூதாதையைச் சந்திக்கிறான். உன் பெயருக்கு என்ன பொருள் என்று அவர் கேட்கிறார். இவனுக்குத் தெரியவில்லை. அடிமையின் சந்ததிதான் இங்கே நாயகன். காவிய வீரனின் பெயர் அவனுக்கு விலங்கின் தழும்பு.

5

இருபதாம் காண்டத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. திருகையில் மாவு அரைக்கும் பெண்கள், அவர்களும் பன்னிரண்டு பேர். பதினொரு பேர் தங்கள் பங்கை முடித்துத் தூங்கிவிட்டார்கள். எல்லோரிலும் பலவீனமான ஒருத்தி மட்டும் விடியும் நேரத்திலும் அரைத்துக்கொண்டிருக்கிறாள். இடி கேட்கிறது. திருகையை நிறுத்தி சீயஸிடம் வேண்டுகிறாள்: இவர்களுக்கு மாவரைத்தே என் கைகால் ஓய்ந்தது, இவர்கள் தின்பது இன்றோடு கடைசியாகட்டும். வெளியே கேட்டுக்கொண்டிருந்த ஒடீசியஸுக்கு அது நல்ல சகுனம். பேர் இல்லாத ஒருத்தியின் உடல்வலி எசமானனின் வெற்றிக்கு நிமித்தமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அவள் வேண்டுதல் அன்றே பலித்தது. திருகை நின்றதா என்று காவியம் சொல்வதில்லை. மணமகன்கள் போனாலும் சாப்பிடுகிற வாய்கள் அந்த வீட்டில் இருக்கத்தானே செய்தன?

மற்றவர் சார்பாகப் பேசுவது, குரலற்றவர்க்குக் குரல் தருவது என்றெல்லாம் நாம் மேடைகளிலும் சிறுபத்திரிகைகளிலும் பேசுகிறோம். கேட்ட குரலைத் தன் சகுனமாக மாற்றிக்கொள்வதும் 'கேட்பது'தான் என்பதை அந்தத் திருகைக்காரி நமக்குக் காட்டிவிடுகிறாள். புராணத்தை மறுபடி எழுத உட்காருகிறவர் தன் நாயகியைத் தேர்ந்தெடுக்கும் முன் யூரிக்ளியா செய்ததைச் செய்யலாம்: வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். ஐம்பது பேர். அதில் நம் பிரதியில் பேசுவது யார், அவள் பேசும் நேரத்தில் அவள் வேலையை யார் செய்கிறார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டு தொடங்கினால் போதும்.