காரின் சுருள் ஸ்பிரிங்: சொகுசும் ஆபத்தும்

பழைய கார்களைப் பிரித்து மாட்டுபவர்களில் பலர் இன்ஜினுக்குப் பயப்படுவதில்லை. முன் சக்கரத்தின் சுருள் ஸ்பிரிங்கைக் கழற்றும்போதுதான் கொஞ்சம் யோசிப்பார்கள். பார்த்தால் வெறும் கம்பிச் சுருள். ஆனால் தவறாக விடுவித்தால் கையை உடைக்கும், உயிரையும் எடுக்கும். இந்த ஆபத்து காருக்குள் எப்படி நுழைந்தது என்று பார்ப்போமா?

1930க்கு முன் பெரும்பாலான கார்களின் முன்பக்கம் குதிரை வண்டிக் காலத்து ஏற்பாடுதான். இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சில், அதைத் தாங்க எஃகுப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். அந்தப் பட்டைக்கு இரண்டு வேலை: எடையைத் தாங்குவது, ஆக்சிலை நகராமல் பிடித்துக்கொள்வது. இரண்டாவது வேலைக்காக அது விறைப்பாகவே இருந்தாக வேண்டும். மென்மையாக்கினால் பிரேக் போடும்போது முறுக்கிக்கொள்ளும், வேகத்தில் சக்கரங்கள் வெடவெடவென்று ஆடும். பயணிக்கு இடுப்புவலிதான் மிச்சம்!

ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1930ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்தார். 1932ல் ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளை மாட்டி, விதவிதமாக மாற்றி ஓட்டிப் பார்த்தார். முன் ஸ்பிரிங் பின் ஸ்பிரிங்கைவிட மென்மையாக இருந்தால்தான் கார் தலையாட்டாமல் போகும் என்று தெரிந்தது. மேட்டில் முன்பக்கம் முதலில் எழும்புகிறது. சற்றுத் தாமதமாக எழும்பும் பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால், இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

ஆனால் மென்மையான ஸ்பிரிங்கை வைத்து ஆக்சிலைப் பிடிக்க முடியாதே? அதனால் ஆக்சிலையே தூக்கிவிட்டார்கள். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் தனித்தனியே மேலும் கீழும் இரண்டு கைகள் (விஷ்போன்), நடுவில் சுருள் ஸ்பிரிங். ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் 380 காரில் 1933லேயே இது வந்துவிட்டது. 1934ல் காடிலாக், ப்யூக் கார்களிலும் வந்தது. ஃபோர்டு மட்டும் பிடிவாதமாகப் பழைய பட்டையிலேயே 1948 வரை ஓட்டியது. நம் ஊர் பிரீமியர் பத்மினியின் முன்பக்கமும் விஷ்போனும் சுருள் ஸ்பிரிங்கும்தான்.

இனி பள்ளிக்கூடத்து இயற்பியல். 1678ல் ராபர்ட் ஹூக் விளக்கிய விதிப்படி, எவ்வளவு விசையோ அவ்வளவு நீட்சி அல்லது அமுக்கம். ஸ்பிரிங்குக்குள் சேரும் ஆற்றல், விசையையும் அமுங்கிய தூரத்தையும் பெருக்கியதில் பாதி. ஒரே எடையைத் தாங்கும் இரண்டு ஸ்பிரிங்குகளில் ஒன்று பாதி விறைப்புள்ளது என்றால், அது இரண்டு மடங்கு அமுங்கும், இரண்டு மடங்கு ஆற்றலைச் சேர்த்துவைக்கும். அதாவது மென்மையான ஸ்பிரிங்தான் அதிக ஆபத்து! எனக்கு இது முதலில் தலைகீழாகத் தோன்றியது.

ஒரு கணக்கு போடுவோம். முன் சக்கரத்தில் 400 கிலோ எடை. ஸ்பிரிங் கீழ்க் கையின் நடுவாக்கில் உட்காருவதால், நெம்புகோல் கணக்கில் அதன்மேல் சுமார் 800 கிலோ. அது 13 செ.மீ. அமுங்கியிருந்தால் ஏறக்குறைய 500 ஜூல். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் 5 கிலோ கல்லின் அடி அது. காரைத் தூக்கிச் சக்கரம் தொங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. அப்போதும் அதில் கணிசமான அமுக்கம் மிச்சமிருக்கும்.

அதனால்தான் முறை இப்படி. காரின் சட்டத்தை ஸ்டாண்டுகள் மேல் உறுதியாக நிறுத்த வேண்டும். கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஸ்பிரிங்கின் பாரத்தை அது ஏற்க வேண்டும். ஸ்பிரிங் பறக்காதபடி சங்கிலியால் சட்டத்தோடு கட்ட வேண்டும். பால் ஜாயின்ட் நட்டை முழுதும் எடுக்காமல் சில மரைகள் விட்டுவைத்து, ஜாயின்டைத் தட்டி இளக்கிய பிறகே நட்டை எடுத்து, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். ஸ்பிரிங் பாயக்கூடிய திசையில் முகம் இருக்கவே கூடாது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்குக்குள் இருக்கும் கார்களில் அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரையுள்ள தண்டு கொண்ட அமுக்கியை விட்டு ஸ்பிரிங்கைச் சுருக்கலாம். எம்.ஜி.பி. போன்ற பிரிட்டிஷ் கார்களில் ஸ்பிரிங் உட்காரும் தட்டின் போல்ட்டுகளுக்குப் பதில் நீளமான போல்ட்டுகளைப் போட்டு, ஒரே சீராகத் தட்டை இறக்குவார்கள்.

பிறகு ஏர்ல் மெக்ஃபெர்சன் ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கினார். பிரிட்டனில் ஃபோர்டு கான்சல், செஃபைர் கார்களில் அது வந்தது. முழுத் தூணையும் காரிலிருந்து சுலபமாக இறக்கிவிடலாம், ஸ்பிரிங் அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். ஆனால் அதை அடக்கி வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒரே ஒரு நட்டு. இருபக்கமும் கொக்கி அமுக்கிகளை மாட்டி, ஸ்பிரிங் தன் இருக்கையில் லூசாக ஆடும் வரை சுருக்கிய பிறகே அந்த நட்டில் ஸ்பானர் வைப்பார்கள்.