பரங்கிப்பேட்டை இரும்பாலை
வெள்ளாறு வங்கக்கடலில் கலக்குமிடத்தில், போர்த்துகீசியர் ‘புதுத் துறைமுகம்’ என்னும் பொருளில் போர்ட்டோ நோவோ என்றழைத்த பரங்கிப்பேட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியைத் துறந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலத்து மலைகளின் காந்தக்கல், அதாவது இரும்புச் செறிவு மிக்க கரிய தாது, பரிசல்களில் காவிரி, கொள்ளிடம் வழியாக வந்து சேர, நிலக்கரி கிட்டாத அவ்வூரில் மரக்கரி எரித்தே அது ஊதுலைகளில், அதாவது காற்றை அழுத்திச் செலுத்தும் உலைகளில், உருக்கப்பட்டது. தாது ஒருபுறமும் உலை மறுபுறமுமாக இருக்க, சுற்றியிருந்த காடும் குறைந்துகொண்டே வந்ததால், ஏற்றுமதிக்கு உகந்த கடற்கரையே உற்பத்திக்குப் பெருஞ்சுமையாயிற்று எனலாம். ஹீத், மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றும், அதன்பொருட்டு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர எஃகு உற்பத்தியாளர்களோடு வழக்காடியே நொடித்து 1851இல் இறந்தார். 1853இல் தோன்றிய கிழக்கிந்திய இரும்புக் கம்பெனியாலும் ஆலையை நிலைநிறுத்த இயலாமல், அந்நூற்றாண்டு முடியுமுன்பே உலைகள் அணைந்தன.