ஏவலும் இயல்பும்: கிறிஸ்தவ அறநூலில் ஒரு பழைய வழக்கு

அகீதா பாடத்தில் ‘ஹுஸ்ன் – குப்ஹ்’ என்றொரு பகுதி உண்டு. ஒரு செயல் நல்லதாயிருப்பதால் அல்லாஹ் அதனை ஏவினானா, அன்றி அவன் ஏவியதனாலேயே அது நல்லதாயிற்றா என்பது அங்கு எழும் வினா. மனித அறிவே நன்மை தீமையை அறியவல்லது என்றனர் முஃதஸிலாக்கள். ஷரீஅத் வருமுன் செயல்களுக்கு அத்தகைய தீர்ப்பேதும் இல்லை என்றனர், ஹிஜ்ரி 324-இல் மறைந்த இமாம் அபுல் ஹஸன் அல்-அஷ்அரீ (ரஹ்) அவர்களின் வழிவந்தோர். இமாம் மாதுரீதீ (ரஹ்) அவர்களைப் பின்பற்றியோர் இடைவழியில் நின்றனர். ஓதும் பிள்ளைகள் பெரும்பாலும் இதனைத் தேர்வுக்கு மனனம் செய்து, பின் மறந்துவிடுவர். மனித உயிர்களே இவ்வினாவைச் சார்ந்து நின்ற காலமும் உண்டு என்பதைக் கிறிஸ்தவர்களின் வரலாற்றில் காண்கிறோம்.

அவர்களுடைய வேதத்திலேயே இரு கருத்துக்கும் இடமிருக்கிறது. ஸினாய் மலையில் மூஸா (அலை) அவர்களுக்கு அருளப்பட்ட பத்துக் கட்டளைகள் ஒருபுறம். வேதம் பெறாதவர்களும் அதன் நெறிப்படி இயல்பாகவே நடப்பதுண்டு, அந்நெறி அவர்தம் இதயத்தில் எழுதப்பட்டுள்ளது என்னும் பொருள்படப் பவுல் உரோமருக்கு எழுதியது மறுபுறம். இவ்விரண்டையும் ஒரே கட்டடமாக எழுப்பியவர் 1274-இல் மறைந்த தாமஸ் அக்வினாஸ். இறைவனின் நித்திய சட்டத்தில் மனிதன் தன் அறிவினால் பங்கு கொள்கிறான். அப்பங்கே இயற்கைச் சட்டம் என்றார் அவர்.

இங்கு நம்மவர்க்குச் சுவையான செய்தி ஒன்றுண்டு. எல்லாம் இறைவனின் நாட்டத்தினாலேயே நிகழ்கின்றன, அவற்றுக்கு வேறு காரணம் தேட வேண்டா என்போரை அக்வினாஸ் ஒரு நூலில் மறுக்கிறார். அவர் குறிப்பது நம் முதகல்லிம்களைத்தான். ஆனால் அவர்களுடைய நூலெதனையும் அவர் அங்கு எடுத்துக்காட்டவில்லை. எகிப்தில் வாழ்ந்து 1204-இல் மறைந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன் அரபியில் எழுதிய ‘தலாலத்துல் ஹாயிரீன்’ லத்தீனில் பெயர்க்கப்பட்டிருந்தது. அவரையே அக்வினாஸ் சான்றாகப் பெயர் கூறுகிறார். ஒரு முஸ்லிம் கொள்கை, யூதர் ஒருவர் வாயிலாகக் கிறிஸ்தவத் துறவியின் மேசையை அடைந்து, அங்கே மறுக்கப்பட்டது!

ஆயினும், மகனைப் பலியிடுமாறு இப்ராஹீம் (அலை) அவர்களுக்கு வந்த கட்டளையைப் பேசுமிடத்தில் (பைபிள் அம்மகனை இஸ்ஹாக் (அலை) என்கிறது), உயிரும் மரணமும் இறைவனின் உடைமை. அவன் கட்டளைப்படி நிகழும் மரணம் அநீதியாகாது என்றே அக்வினாஸும் எழுதினார். அதனைப் படிக்கும் அஷ்அரீ மாணவன் முறுவலிக்கவே செய்வான். 1347-இல் மறைந்த ஒக்கம் ஊர் வில்லியம் இன்னும் நெடுந்தொலைவு சென்றார்: திருட்டையும் விபசாரத்தையும் இறைவன் ஏவியிருந்தால் அவையும் புண்ணியமாகியிருக்கும் என்றார்.

இவையெல்லாம் ஏட்டு வாதங்கள். வழக்கு மன்றமேறியது அமெரிக்காவில். 1493-இல் போப்பாண்டவர் ஆறாம் அலெக்சாந்தர் புதிதாய்க் கண்ட நிலங்களை ஸ்பானிய அரசர்க்கு வழங்கிச் சாசனம் எழுதினார். 1513-இல் ஓர் அறிக்கை வரையப்பட்டது. இறைவன் பேதுருவுக்கு உலகாளும் உரிமை தந்தான், அவர் வழிவந்த போப் இந்நிலத்தை எம் அரசர்க்குத் தந்தார், பணியாவிடில் போர் தொடுத்து மனைவி மக்களை அடிமைகளாக்குவோம் என்பது அதன் சாரம். ஸ்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத மக்கள் முன் அது வாசிக்கப்பட்டது. இறைவன் பெயரால் வந்த கட்டளை என்று கூறிவிட்டால் கேட்பார் யார்?

கேட்டவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தனர். அதற்கு முன்பே, 1511 டிசம்பரில், ஹிஸ்பானியோலா தீவில் மொந்தெசினோஸ் என்னும் தொமினிக்கன் துறவி, இம்மக்கள் மனிதர் அல்லரோ என்று குடியேறிகளின் முகத்துக்கு நேரே பிரசங்கம் செய்திருந்தார். 1539-இல் ஸலமான்கா பல்கலைக்கழகத்தில் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா, அக்வினாஸின் நூலைத் துணையாகக் கொண்டு, அம்மக்களே தம் மண்ணுக்கு மெய்யான உரியவர். உலகு முழுவதும் ஆளும் அதிகாரம் போப்புக்கு இல்லை. கிறிஸ்தவத்தை ஏற்க மறுத்தது மட்டும் போருக்குக் காரணமாகாது என்று நிறுவினார். பேரரசரின் நாட்டில் அமர்ந்துகொண்டு இதனைக் கூறிய துணிவைப் பாராட்டாதிருக்க இயலாது.

ஆனால் இதயத்தில் எழுதப்பட்டதை வாசிப்பவன் யார் என்ற வினா எஞ்சியது. 1550-51-இல் வல்லதோலித் நகரில் அறிஞர் அவை கூடியது. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்னும் அரிஸ்டாட்டிலின் கூற்றையும், அம்மக்கள் நரபலியிட்டு இயற்கைச் சட்டத்தை மீறினர் என்பதையும் காட்டி, போர் நியாயமே என்றார் செபுல்வேதா. அதே இயற்கைச் சட்டத்தைக் கொண்டே பாதிரியார் லாஸ் காஸாஸ் ஐந்து நாள் தம் மறுப்பை வாசித்தார். அவை முடிவான தீர்ப்பேதும் வழங்கவில்லை. செபுல்வேதாவின் நூலை அச்சிட மட்டும் அனுமதி கிட்டவில்லை.

நான் அஷ்அரீ வழியில் ஓதியவன். ஒரே அறிவிலிருந்து இரு தீர்ப்புகள் பிறந்ததைக் காணும்போது நம் இமாம்களின் ஐயம் வீணன்று எனத் தோன்றுகிறது. எனினும், இறைக்கட்டளை என்று சொல்லி வந்த அந்த 1513-ஆம் ஆண்டு அறிக்கையை மறுக்க, விட்டோரியாவின் கையில் இயற்கைச் சட்டமே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

அவருடைய வாசிப்பும் ஓரிடத்தில் நின்றுபோயிற்று. போரின் நெறிகளைப் பற்றிய மற்றோர் உரையில், முஸ்லிம்களுடனான போர் முடிவில்லாதது, ஆதலின் அவர்களுடைய பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக்குவது ஐயமின்றி ஆகும் என்றார். போர்க் கைதிகளை அடிமைகளாக்கும் வழக்கம் அக்காலத்தில் இருபுறமும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், கடலுக்கு அப்பாலுள்ள அமெரிக்கருக்குக் கிடைத்த வாதம் அண்டை வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம் என்று காஸ்தில் நாட்டு முஸ்லிம்களுக்கு 1502-இல் ஆணை பிறந்திருந்தது. அவ்வாறு மதம் மாற்றப்பட்டோரின் பேரரும் கொள்ளுப்பேரருமான மொரிஸ்கோக்கள், ஏறத்தாழ 3,00,000 பேர், 1609-க்கும் 1614-க்கும் இடையே ஸ்பெயினைவிட்டுத் துரத்தப்பட்டனர். தூனிஸிலும் தெதுவானிலும் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர்.