திறனைக் குறைத்த வரலாறு: மீயொலியும் இதயத்தசையின் குருதியோட்டமும்

மருத்துவப் படிமக் கருவிகளின் வரலாற்றைத் திறன் பெருகிய வரலாறாகவே எழுதிப் பழகிவிட்டோம். இதயத்தசைக்குள் பாயும் குருதியை எக்கோ கருவியால் காண முயன்ற வரலாறு இதற்கு நேர்மாறானது. அங்கே ஒலியின் திறனைக் குறைத்த பிறகே காட்சி தெளிந்தது.

ஒலியின் வலிமையே காட்சியைத் தீர்மானிக்கும் என்பதற்குப் பெங்களூரில் ஒரு முன்கதை உண்டு. 1933இல் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக வந்த சி. வி. இராமன், நாகேந்திர நாத்துடன் இணைந்து, மீயொலியால் ஒளி அடையும் விளிம்பு விளைவைப் பற்றி 1935–36இல் ஒரு கட்டுரை வரிசையை வெளியிட்டார். ஒலியின் வலிமை மாறினால் ஒளிக்கோடுகளின் செறிவும் மாறும். குறிப்பிட்ட வலிமையில் நடுக்கோடே மறைந்துவிடும் என்பது அக்கோட்பாட்டின் முடிவுகளுள் ஒன்று. இதயவியலுக்கு அது நேர்வழி அமைக்கவில்லை. எனினும் மீயொலி அழுத்தத்தை அளக்கும் முறைகளுள் ஒன்றுக்குப் பின்னாளில் அடிப்படையாயிற்று.

1968இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் கிராமியாக்கும் பிரவீன் ஷாவும் பெருந்தமனியின் வேர்ப்பகுதியில் சாயக் கரைசலைச் செலுத்தியபோது எதிரொலிகள் மேகம்போல் திரண்டன. அவை நுண்குமிழிகளின் எதிரொலிகள் எனப் பின்னர் தெளிவாயிற்று. பின்னர் நுரையீரல் தந்துகிகளைக் கடக்கவல்ல குமிழிகளும் உருவாயின. ஆனால் வழக்கமான ஒலித்திறன் அவற்றை உடைத்தது. மெகாபாஸ்கல் அலகிலான உச்ச எதிரழுத்தத்தை, மெகாஹெர்ட்ஸ் அலகிலான அதிர்வெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பெறும் மெக்கானிக்கல் இண்டெக்ஸ் 0.2க்குக் கீழே இருந்தால், பெரும்பாலான குமிழிகள் உடையாமல் அதிர்ந்து, தசையினின்று வேறுபட்ட எதிரொலியைத் தருகின்றன.

1998இல் கெவின் வெய், சஞ்சீவ் கவுல் ஆகியோர் குழு அக்குறையையே அளவுகோலாக்கியது. குமிழிகளைச் சீராகச் செலுத்தி, வலிய துடிப்பால் வேண்டுமென்றே உடைத்து, அவை மீண்டும் நிரம்பும் வேகத்தை அளந்தனர். நிரம்பும் வேகம் குருதியின் விரைவையும், இறுதிச் செறிவு குருதியின் கொள்ளளவையும் காட்டின. நலமான தசை ஓய்வில் ஏறத்தாழ 5 வினாடிகளில் நிரம்பும்.

ஆகவே அமைப்பு முறை வெறும் தொழில்நுட்பக் குறிப்பன்று. குவியத்தை இதய நுனிக்கு அருகே வைத்தால் அங்குள்ள குமிழிகள் அழியும். அவ்வெறுமை இரத்தக்குழாய் அடைப்பெனத் தவறாகப் படிக்கப்படலாம். ஈட்டத்தை மிகுத்தால் குருதி குறைந்த தசையும் நலமாகத் தோன்றும். படத்தோடு அதன் இண்டெக்ஸும் குவியமும் ஈட்டமும் பதிவாகாவிடில், அப்படம் பாதி ஆவணமே. கருவிகளின் வரலாற்றை ஆராயும் மாணவர்கள் படங்களை மட்டுமன்றி, அவற்றை ஆக்கிய திருகுகளின் நிலையையும் சான்றாகக் கொள்ள வேண்டும்.