புக்கிட் மேராவுக்குத் தாமதமாக வந்த இயந்திரங்கள்

கதிரியக்க மூலத்தைத் தேடிச் செல்லும் நகரும் இயந்திரங்களைப் பற்றி வகுப்பில் கூறிக்கொண்டிருந்தேன். "நம் ஈப்போவுக்கு அது வந்திருக்கிறதா, டீச்சர்?" என்று ஒரு மாணவி வினவினாள். அவளுக்குப் புக்கிட் மேராவின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஈய மணலைக் கழுவியபின் எஞ்சுவதை நம் வட்டாரத்தில் 'அமாங்' என்பர். அதிலுள்ள மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுக்க, 'ஏசியன் ரேர் எர்த்' ஆலை 1982இல் இயங்கத் தொடங்கியது. கழிவாக எஞ்சியது தோரியம். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டுகள்! கதிரியக்கத்திற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கருவி ஒன்றே அதனைக் காட்டும். அக்கருவியை ஏந்திச் செல்வது யார்?

1984 டிசம்பரில் ஜப்பானியப் பேராசிரியர் சடாவோ இச்சிகாவா நேரில் வந்தார். ஆலையை அடுத்த திறந்தவெளியையும் குட்டையையும் அளந்து, அளவு மிக ஆபத்தானது என்றார். மறு ஆண்டே குடியிருப்பாளர் எண்மர் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூலை 11இல் ஈப்போ உயர்நீதிமன்றம் 14 நாள்களில் ஆலையை மூட ஆணையிட்டது. 1993இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. (வென்ற மகிழ்ச்சி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் நீடித்தது.) எனினும், 1994இல் ஆலை மூடப்படுவதாக நிறுவனமே அறிவித்தது.

இன்று அவ்வளவீட்டை இயந்திரம் செய்யவல்லது. உணர்கருவி பொருத்திய வண்டி சிறிது நகரும், நிற்கும், அளக்கும். சிறியதொரு மூலத்தை நெருங்கித் தொலைவு பாதியானால், கதிர்வீச்சு நான்கு மடங்காகும். அவ்வேற்றத்தைப் பின்பற்றியே மூலத்தின் இருப்பிடம் கணிக்கப்படுகிறது. சென்னை ஆவடியில் உருவான 'முந்த்ரா' என்னும் ஆளில்லா வண்டிகளுள் ஒன்று இத்தகைய பணிக்கானது, 2017இல் அறிமுகமாயிற்று. ஆனால் மின்னணுப் பாகங்களையும் கதிர்வீச்சு பழுதாக்கும். 1986இல் செர்னோபிலில் இயந்திரங்கள் செயலிழந்தபோது, மனிதர்களே மண்வாரியுடன் கூரைமீது ஏறினர்.

புக்கிட் மேராவைத் தூய்மைப்படுத்தும் பணிக்கு ஏறத்தாழ 10 கோடி அமெரிக்க டாலர் செலவாகும் என 2011இல் செய்தி வந்தது. 11,000 லாரி மாசுற்ற பொருள்கள் அதற்குள் அகற்றப்பட்டிருந்தன. கான்கிரீட் கிடங்கிலிருந்த 80,000க்கும் மேற்பட்ட உருளைகளை அகற்றும் பணித்திட்டத்தில்தான், பாதுகாப்புடை அணிந்த பணியாளர்களுடன் இயந்திரங்களும் இடம்பெற்றன.

"அப்படியானால், முதலில் தேடியது ஒரு மனிதர்தானா?" என்றாள் மாணவி. ஆம் என்றேன்.